அறுந்த நரம்பின் முனை

…புருவம் திருத்துகிற இடுக்கியால்தான் நசுக்கியிருக்கிறாள், வேறென்ன, இதற்கென்று ஒரு குறடு வாங்க நாத்தனாருக்கு எங்கே நேரம், அடுத்தவளைக் குத்திக் காட்டத்தான் நேரம் சரியாக இருக்கிறதே… நாத்தனார் கோத்துக் கொடுத்து அறுந்த மாலையின் கொக்கியை இவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கொக்கியை ஒட்டிக் கடுகளவில் ஓர் உலோகக் குழல், முடிச்சுக்குப் பதிலாக அதற்குள் நைலான் நரம்பை விட்டு நசுக்கினால் கவ்விக்கொள்ளும், ஆனால் நசுக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, முதலில் நடுவில் பள்ளம் விழ வேண்டும், பிறகு பக்கவாட்டில் திருப்பி உருட்டி மூட வேண்டும், ஒரே அமுக்காக அமுக்கினால் குழல் தகடாகிவிடும், தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி, தலையைத் திருப்பும்போதெல்லாம் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். இதோ, தகடுதான். நாலு நாளாக இவளோடு பேசாமல், உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்கிற கணவரிடம் இதை விரல் நுனியில் வைத்துக் காட்ட வேண்டும். அன்றைக்குக் கடைசியாக அவர் சொன்னது, "எங்கம்மா போட்ட மணி. தங்கச்சி மேல இருக்கிற கோவத்துல அதைப் போய் இழுத்து அறுத்துட்டியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" இழுத்து அறுத்தாளாம். இவள் காதில் விழும்படி போனில் தங்கையை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், மணிகள் அவளிடமே போகட்டுமாம், இந்த வீட்டில் தங்காதாம்… போகட்டும், யார் அறுத்தது என்று தெரிந்த பிறகு போகட்டும்.

மேஜைமேல் துண்டை விரித்து மணிகளைக் கொட்டினாள், வெறும் மேஜையில் கொட்டினால் உருண்டு ஓடும், இதைக்கூட அவள் செய்திருக்க மாட்டாள். பெரிய பட்டாணி அளவில் நீலக் கண்ணாடி மணிகள். இவ்வளவு பருத்த மணியை மேஜையில் நீட்டி வைத்து ஸ்கேலால் அளந்தால் அந்த நீளம் கழுத்தில் வராது, வளைத்துக் கொக்கியை மாட்டும்போது உள்வட்டம் சுருங்கும், மணியின் பருமன் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடும், மெல்லிய மணிக்கு இது தெரியவே தெரியாது, பருத்த மணிக்குத்தான். அது போதாதென்று கடைசிவரை நெருக்கி நெருக்கிக் கோத்திருக்கிறாள், இரண்டு மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் மாலை வளைந்து கொடுத்திருக்கும், இது விறைத்துக்கொண்டு நாய்ப்பட்டை மாதிரி கழுத்தைப் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், எதிர் நாற்காலியிலிருந்து, "என்ன அண்ணி, மாலை சுருங்கிடுச்சா, கழுத்து பெருத்துடுச்சா?" சிரித்தார்கள். இவரும்தான் சிரித்தார். அடுத்த நொடி மணிகள் தட்டுகளில், மடியில், தரையில்… சித்தப்பாவின் தண்ணீர் டம்ளரில் ஒன்று விழ, "பாத்து சித்தப்பா, மணியோட முழுங்கிடாதீங்க, அப்புறம் நடந்தா சத்தம் வரும்" என்றாளே, அதற்கும் சிரித்தார்கள். இவள் தரையில் மண்டியிட்டு நாற்காலிக் கால்களுக்கிடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் குனிந்தாரா?

நரம்பு பொய் சொல்லாது, அதுதான் அதன் அழகு. விளிம்பில் பட்டு அறுந்திருந்தால் முனை தட்டையாக இருக்கும், இழுத்து அறுத்திருந்தால் மெலிந்து வெளுத்து வால்போலச் சுருண்டிருக்கும். குழலுக்குள் நின்ற துணுக்கு கண்ணுக்கே தெரியவில்லை, மறுமுனையைத்தான் பார்க்க வேண்டும், எட்டு மணிகளோடு நீளத் தொங்குகிறதே அதை… செல்போனால் படமெடுத்தாள், பெரிதாக்குவதற்குள் வாசல் மணி. நாலரைதான் ஆகிறது. எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன அவசரம்.

"என்ன அண்ணி, போஸ்ட்மார்ட்டமா?" செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் கேட்டாள்.

"ஆமா. செஞ்சவளும் வந்தாச்சு, உக்காரு. ஏங்க, நீங்களும் வாங்க." நாலு நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை, குரல் பிசிறவில்லை, நல்லது. குழலைக் காட்டினாள், தகட்டைக் காட்டினாள், விளிம்பில் அவர் கட்டைவிரலையே வைத்து உரசிக் காட்டினாள், ஒன்றேகால் அங்குலத்தை ஸ்கேலில் காட்டினாள், இப்போது மறுப்பாள், கத்துவாள், கத்தட்டும், பதில் தயாராக இருக்கிறது…

"இடுக்கியாலதான் நசுக்கினேன்," என்றாள் நாத்தனார். "அளந்ததும் மேஜையிலதான். கழுத்தைக் குடுங்கன்னு கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் விரலைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப தானா அறுந்ததா? நான்தான் அவசரப்பட்டு…"

"தானாதான் அறுந்துச்சுண்ணா. விடு. மணி அண்ணிகிட்டயே இருக்கட்டும்."

விடுவதா? எதை விடுவது? ஜெயித்தாகிவிட்டது, அவர் டீ போடுகிறேன் என்று உள்ளே போகிறார், அவர் டீ போட்டு எத்தனை வருஷம்… ஆனால் இது என்ன ஜெயிப்பு, சண்டையே போடாமல் பிச்சை போடுவதைப் போல. இவள் போனைக் கையிலெடுத்து, அவளைப் பார்க்காமலிருப்பதற்காகவே படத்தைப் பெரிதாக்கினாள். பாதி வரை வழவழவென்று தட்டை. மீதிப் பாதி மெலிந்து, வெளுத்து, சுருண்டிருந்தது. கொஞ்சம் மிச்சமிருக்கும்போது தானாகவே இழுபட்டிருக்கலாம், அவ்வளவு விறைப்பான மாலை, தலையைத் திருப்பினாலே போதும்… தலையைத் திருப்பினாளா? கை கழுத்துக்குப் போனது நினைவிருக்கிறது, விரல்களுக்குள் மணிகள் குளிர்ந்ததும் நினைவிருக்கிறது, விழுகிற மணியைப் பிடிக்கப் போன கைதானே அது, சிரிப்புச் சத்தம் முதலிலா, கை முதலிலா…

"என்ன அண்ணி, அதையே பாக்கறீங்க?"

"ஒன்னுமில்ல. வெளிச்சம் பத்தல."

நாத்தனார் எழுந்து விளக்கைப் போட்டாள், மறுபடி வந்து எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள், அன்றைக்கு உட்கார்ந்த அதே தோரணையில், கன்னத்தில் கை வைத்து. அந்த மேஜையில் அந்த நொடி இவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். இவள் இழுத்தாளா என்று கேட்டால் சொல்லிவிடுவாள், மறைக்கிற ரகமில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் நிற்பதற்குள் கேட்டுவிட வேண்டும், அல்லது இனி எப்போதும் கேட்காமலிருக்க வேண்டும்.