சுவர் தாண்டிய ஜெபம்

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அது கூரைவரை எழவில்லை. அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் இருமுவோம்.

வியாழன் மாலைகளில் என் அம்மா ரோஸி எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவாள். 2003இல் நான் கால்சென்டர் வேலையை விட்டிருந்தேன்; பகலில் தூங்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. உள்ளறையில் படுத்தபடியே வாராவாரம் என் பெயரைக் கேட்பேன்.

"ஆண்டவரே, நல்ல சம்பளத்தை உதறிட்டு சோம்பேறியாப் படுத்திருக்கிற என் மகன் பிரசன்னாவை எழுப்பும்."

கூடியிருக்கும் பெண்கள் ஆமென் சொல்வார்கள்.

அம்மாவின் அழுகை பொய்யில்லை. அன்பும் பொய்யில்லை. ஆனால் யாருக்காக அழுகிறாளோ அவர்களுடைய குற்றத்தை முதலில் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் அழுவாள், ஆண்டவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல.

அந்த மாதம் பக்கத்து வீட்டு பிரிசில்லா, புருஷனை விட்டுவிட்டு அப்பா ஜெயவேலுவிடம் திரும்பி வந்தாள். ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையும் கிடைத்தது. தாய் செத்த பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தது அம்மாதான். ஆகவே ஜெபமும் பலமாக இருந்தது.

"கர்த்தாவே, புருஷனை உதறிட்டு, உதட்டுச் சாயத்தோட கடைக்குப் போற பிரிசில்லாவுக்கு அடக்கத்தைத் தாரும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

மறுநாள் ஜெயவேலு என்னைத் தெருவில் நிறுத்தினார். "ஊட்ட காலி பண்றோம் தம்பி. எங்க ஊரு கேஜிஎஃப்புக்கே போறோம். பொண்ணுக்கு இங்க தல காட்ட முடியல."

"அப்ப அவ வேல?"

"வேல இன்னா வேல. இன்னொருத்தி வந்து பில்லு போடுவா."

அம்மாவிடம் சொன்னேன். "அவ நல்லதுக்குத்தானேடா கேட்டேன்?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வியாழன் ஜெயவேலு ஜெபத்துக்கு வந்தார். சர்ச் பக்கமே போகாத மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். என் அப்பா மஸ்கட்டில் வேலை செய்வதாக எல்லோரிடமும் அம்மா சொல்லியிருந்தாள். அவர் இதே ஊரில், தொம்மலூரில் வேறொருத்தியோடு இருந்தார். அதே தெருவில்தான் ஜெயவேலுவுக்கு வாட்ச்மேன் வேலை. அதை அவர் ஜெபத்தில் சொன்னால் யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. நான் எழுந்து கதவோரம் நின்றேன்.

அவர் முறை வந்தது.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது சாமி. ரோஸியம்மாவுக்காக வந்தேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு இவங்கதான் தல வாரி வுட்டாங்க. மீன் கொழம்பு வெச்சா ஒரு கிண்ணம் சுவத்து மேல வரும். இவங்க மனசுல இன்னா வலி கீதோ, உனக்குத் தெரியும். இவங்கள நல்லா வெச்சிரு. அவ்ளோதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யாரோ தாமதமாக ஆமென் சொன்னார்கள். அது அம்மா இல்லை.

அதற்கடுத்த வியாழன் அவர்கள் வீட்டில் மூட்டை கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை ரயில். அம்மா முழங்காலில் நின்றாள்.

"ஆண்டவரே, பிரிசில்லா."

பெண்கள் மீதிக்காகக் காத்திருந்தார்கள். அம்மாவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

"பிரிசில்லா," என்றாள் மறுபடியும். ஒரு பெண் இருமினாள். இன்னொருத்தி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

சுவருக்கு மேலிருந்து பிரிசில்லாவின் குரல் வந்தது. "ஆன்ட்டி, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. கொழம்பு அடிப்புடிச்சு இங்க வரைக்கும் நாறுது."

அம்மா சமையலறைக்கு ஓடினாள். "மேல இருக்கறது நல்லாத்தான்டி இருக்கு. கிண்ணத்த நீட்டு!"

"கிண்ணம் மூட்டைல கீது ஆன்ட்டி."

"அவுத்து எடுடி."

அந்தப் பக்கம் கயிறு இழுபடும் சத்தம், பாத்திரங்கள் உருளும் சத்தம். சுவருக்கு மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணம் எட்டிப் பார்த்தது.

ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடி அம்மா மறுபடியும் முழங்காலிட்டாள்.

"பிரசன்னா," என்றாள்.

நான் உள்ளே மீதிக்காகக் காத்திருந்தேன். மீதி வரவில்லை. அதன்பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து போய், அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.