ஆன்ஸெல்ம் ஆக்கப்பட்ட அன்ஷெல்

என் தம்பியைப் பற்றி வில்லெமோ கிராமத்து மேயர் பேசிய பேச்சு பிரமாதம். அதில் என் தம்பி மட்டும்தான் இல்லை. "அச்சம் என்பதையே அறியாத பிரான்சின் புதல்வன்" என்றார். அன்ஷெல்லுக்கு நாயென்றால் பயம், போலீஸ் என்றால் பயம், எங்கள் கட்டடக் காவல்காரி மதாம் ப்ரூவோவின் பூனையைக் கண்டாலும் பயம். பிரான்சின் புதல்வனாம்! அந்தத் தாய் அவனை எத்தனை முறை வீட்டை விட்டுத் துரத்தினாள் என்பது எனக்கல்லவா தெரியும்.

நாங்கள் யூதர்கள். போலந்தின் ராடோமிலிருந்து முதலில் பாரிசுக்கு வந்தவள் நான். பின்னாலேயே அவனும் வந்தான். பெல்வில் பகுதியில் ஒரு பட்டறையில் கோட்டுக்குக் கை தைப்பது அவன் வேலை, பொத்தான் துளை போடுவது என் வேலை. தங்கியிருக்க அனுமதி கேட்டு அவன் போலீஸ் தலைமையகத்துக்குப் போகும்போதெல்லாம் நாட்டை விட்டு வெளியேறும்படி ஓர் உத்தரவைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அவன் கெஞ்சுவான், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தீர்ந்ததும் மறுபடி உத்தரவு. விருந்தாளியை வழியனுப்புவதில் அவ்வளவு அக்கறை.

முப்பத்தொன்பதில் போர் வந்தது. ஒரு நாள் மத்தியானமே வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, பட்டாளத்துல சேந்துட்டேன்."

"யாரு பட்டாளம்? உன்ன வெளிய போடான்னாங்களே, அவங்க பட்டாளமா?"

"அவங்களேதான்."

"அடையாளச் சீட்டு கேக்கலயா?"

"வெளியேத்துற உத்தரவுதான் இருந்துச்சு, அதையே நீட்டினேன். முத்திரையெல்லாம் சரியா இருக்குன்னு சேத்துக்கிட்டாங்க. அன்ஷெல்ங்கிற பேருதான் அங்க எழுதுறவரு வாயில நுழையல. ஆன்ஸெல்ம்னு எழுதிட்டாரு."

"அது கிறிஸ்தவச் சாமியார் பேருடா!"

"இருக்கட்டும். சாமியாரச் சுட ஜெர்மன்காரன் ரெண்டு தடவ யோசிப்பான்ல?"

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"ராடோமுக்குள்ள அவனுங்க வந்துட்டாங்க. அம்மாவும் அப்பாவும் அங்க இருக்காங்க. நான் இங்க உக்காந்து கோட்டுக்குக் கை தச்சிட்டிருக்கவா?"



கடலோர மணலில் ஒரு முகாமில் அவர்களைப் போட்டார்கள். ஊரில்லாதவர்கள் எல்லாம் அங்கேதான்: எங்கள் ஆட்கள், சொந்த நாட்டு உள்நாட்டுப் போரில் தோற்றுப்போய் ஓடிவந்த ஸ்பெயின்காரர்கள். கொடுத்த துப்பாக்கி போன போரைப் பார்த்தது. தோளில் மாட்ட வார் இல்லை. சணல் கயிறு கொடுத்தார்கள். குளிர்காலத்தில் அன்ஷெல் விடுப்பில் வந்தபோது பையும் கயிறு, தண்ணீர்க் குடுவையும் கயிறு.

"அடடா, தம்பிய நல்லா பார்சல் கட்டித்தான் அனுப்பியிருக்காங்க! தபால்தலைய எங்க ஒட்டுவாங்க?" என்றாள் மதாம் ப்ரூவோ.

சார்ஜெண்ட் புஜோல் என்பவர் அவர்களுக்கு மேலதிகாரி. "ஏ, ஊசி நூலு!" என்றுதான் அன்ஷெல்லைக் கூப்பிடுவாராம். சுடக் கற்றுக்கொடுத்ததைவிட, படை முழுவதற்கும் கால்சட்டை பிடித்துத் தைக்க வைத்ததே அதிகம். பிரான்சின் பாதுகாப்பு எப்படியோ, கால்சட்டைகள் கச்சிதமாக இருந்தன.

அடுத்த ஜூனில் நடந்ததை, போர் முடிந்து சிறைமுகாமிலிருந்து திரும்பிய லிசார்தோ என்ற ஸ்பெயின்காரர் வந்து சொன்னார். வில்லெமோ பாலத்தை அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பெரிய அதிகாரிகளுக்கு அதில் இருந்த பற்று எப்படிப்பட்டதென்றால், உத்தரவு வருவதற்கு முன்பே காரில் ஏறிக் கீழ்ப்படிந்துவிட்டார்கள். புஜோலுக்குத் தொடையில் குண்டு. அன்ஷெல் துப்பாக்கியின் கயிற்றை அவிழ்த்து அவர் காலை இறுக்கிக் கட்டிவிட்டு லிசார்தோவிடம் சொன்னான்:

"நீ இவரத் தூக்கிட்டு ஓடு. எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல. நான் சுட்டுக்கிட்டு இருக்கேன்."

"டேய், திரும்பிப் போகச் சொல்லி உத்தரவுடா!"

"திரும்பிப் போன்னு எனக்கு எத்தன உத்தரவு வந்திருக்கு தெரியுமா? எதுக்கு நான் கீழ்ப்படிஞ்சேன்? போடா!"

"பயமேயில்லாம சொன்னானா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? கை கிடுகிடுன்னு ஆடிச்சு. ஆடுற கையோடயே சுட்டான்."

அவர்கள் இருவரும் தப்பும்வரை பாலத்திலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் அவனைப் புதைத்தார்கள்.

நாற்பத்திரண்டின் வசந்தத்தில் அவனுக்கு வீரப் பதக்கம் வந்தது. கோடையில், ஜெர்மன்காரர்களுக்காக யூதர்களைப் பிடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் இருவர் என்னையும் பிடித்துப்போக வந்தார்கள். அரசாங்கம் யாரையும் மறப்பதில்லை. பதக்கத்தை மேசைமேல் வைத்தேன். இளையவன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். மூத்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"தங்கமான பையன் போல. சரி, பெட்டியக் கட்டுங்கம்மா. நாங்க அடுத்த வீட்டப் பாத்துட்டு வர்றோம்."

அவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதற்குள் மதாம் ப்ரூவோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரிக் கிடங்கில் தள்ளிப் பூட்டினாள். அவளைப் பற்றி எந்த மேயரும் பேசியதில்லை.

போர் முடிந்து வில்லெமோவுக்குப் போனேன். கல்லறை சுத்தமாக இருந்தது. மேலே ஒரு சிலுவை, அதில் 'ஆன்ஸெல்ம்'. எங்கள் அப்பா பார்த்திருந்தால் இன்னொரு முறை செத்திருப்பார். மாற்றித் தரச்சொல்லி அலுவலகத்துக்குப் போனேன்.

"அவர் யூதர்ங்கிறதுக்கு அத்தாட்சி வேணுமே, மதாம்," என்றார் அதிகாரி.

"என்னப் பிடிக்க வந்தவங்க ஒரு அத்தாட்சியும் கேக்கலயே, ஐயா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பொறந்த ஊர்ல பெத்தவங்களோ உறவுக்காரங்களோ வந்து சாட்சி சொன்னாலும் போதும்."

"ராடோம்ல யாரும் மிச்சமில்ல. இருக்காங்கன்னா நீங்களே கூட்டிட்டு வாங்க. நானும் பாக்கணும்."

அவர் மனுவை வாங்கிக்கொண்டார். ஆனாலும் அரசாங்கத்துக்கு வெட்கப்படவும் அவகாசம் வேண்டுமல்லவா? பல மாதங்கள் கழித்துத்தான் சிலுவை போய் எங்கள் ஆறுமுனை நட்சத்திரம் வந்தது, அன்ஷெல் ஷ்முக்லர் என்ற பெயரோடு. அதைத் திறந்துவைக்கத்தான் மேயர் பேசினார், கொடிகள் பறந்தன, பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள்.

கூட்டத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே நொண்டியபடி பக்கத்தில் வந்தார்.

"நான்தாம்மா புஜோல். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என்னத் தூக்கி லிசார்தோ தோள்ல ஏத்திவிட்டப்ப உங்க தம்பி ஏதோ சொன்னான், உங்க பாஷையில. கடைசியா ஏதாவது பிரார்த்தனையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு."

தட்டுத்தடுமாறி அதைச் சொல்லிக் காட்டினார். உச்சரிப்பு கொடுமை. ஆனால் புரிந்தது.

"சொல்லிடவா?"

"சொல்லுங்கம்மா. எதுவா இருந்தாலும் பரவால்ல."

"'எருமமாடே, எங்க ரொட்டியையும் சேத்து நீயே தின்னுருக்க, அதான் இந்தக் கனம் கனக்குற'ன்னு சொல்லியிருக்கான்."

புஜோல் வாயைப் பொத்தப் பார்த்தார், முடியவில்லை. மௌன அஞ்சலி தொடங்கிய நேரம் பார்த்து வெடித்துச் சிரித்துவிட்டார். மேயர் முறைத்தார். பாட்டு வாத்தியார் உஸ் என்றார். சிரிக்கச் சிரிக்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா," என்றார்.

சொன்னேன், இம்முறை எங்கள் பாஷையிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி.