ஸ்டோர்லியின் இருபதாம் சதுரம்

சிந்து ஸ்டோர்லியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்தப் பள்ளிக்கூடம் எந்தச் சாலையில் இருந்தது, எந்த ஆண்டு மூடியது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆளில்லை.

ஸ்டோர்லி என்பது அமெரிக்காவின் நடுமேற்கில், அயோவா மாநிலத்தில் உள்ள ஒரு டவுன்ஷிப். பெயரைக் கேட்டு நகரம் என்று நினைத்துவிடக் கூடாது. கடைத்தெரு இல்லை, பேருந்து இல்லை, சிக்னல் விளக்கு ஒன்றுகூட இல்லை. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட ஒரு பெரிய கட்டம்; அதற்குள் மைலுக்கு மைல் முப்பத்தாறு சதுரங்கள். சதுரங்களின் ஓரங்களில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் சரளைச் சாலைகள், நடுவில் மக்காச்சோளமும் சோயாவும். அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர்கள் நூற்று எண்பத்தேழு பேர்.

சிந்து இருந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில். அங்கே பென்ரோஸ் பகுதியில் ஒரு டயர் கிடங்கின் மாடியில் அவள் வேலை பார்த்த வரைபட நிறுவனம் இருந்தது. அயோவாவின் கவுண்டி ஒன்று, நம்மூர் மாவட்டம் மாதிரி, தன் பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூடிப்போன பள்ளிக்கூடங்கள், இடிந்த தேவாலயங்கள், பிடுங்கப்பட்ட ரயில்பாதை, மறந்துபோன சிறு இடுகாடுகள் எல்லாவற்றையும் அந்தக் கையெழுத்துப் புத்தகங்களிலிருந்து படித்து, இன்றைய வரைபடத்தில் புள்ளிகளாக வைக்க வேண்டும். மற்றவர்கள் எடுத்துக்கொண்ட டவுன்ஷிப்புகள் மூன்று வாரத்தில் முடிந்தன. ஸ்டோர்லி மட்டும் நான்கு மாதமாக ஓடியது. அங்கே கணக்குவழக்கும் பதிவும் பார்க்கிற மார்லிஸ் என்ற அம்மாள் பரணிலிருந்து புதிது புதிதாகப் பெட்டிகளை இறக்கி ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். சிந்துவும் போதும் என்று சொல்லவில்லை.

அறுபத்தாறு அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அந்தப் புல்வெளியை முதலில் அளந்தவர்களின் குறிப்பேட்டை அவள் பலமுறை படித்திருந்தாள். மூலைக்கு மூலை சாட்சியாக ஒரு மரத்தைக் குறிப்பார்கள்: பர் ஓக், பருமன் பதினான்கு அங்குலம். ஓரிடத்தில், 'பழைய நடைபாதை ஒன்று வடமேற்காகப் போகிறது' என்று எழுதியிருந்தார்கள். யார் நடந்த பாதை என்று எழுதவில்லை. அந்த மண்ணுக்குச் சொந்தமான பழங்குடிகளை, ஒப்பந்தம் என்று வாங்கிய ஒரு கையெழுத்தில் மேற்கே அனுப்பிப் பத்தாண்டு ஆகியிருந்தது. பூமி உருண்டை என்பதால் சதுரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதாம். மிஞ்சிய பிழையையெல்லாம் வடக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் தள்ளிவிடுவார்களாம். அதனால் அந்த ஓரத்துச் சதுரங்கள் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும்.

பிறகு நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள், எட்டுப் பள்ளிக்கூடங்கள், வெண்ணெய் ஆலை, ரயில். பிறகு டிராக்டர். நிலங்கள் பெரிதாகப் பெரிதாக வீடுகள் குறைந்தன. வீடு இருந்த இடத்தை இப்போது வாசலில் நட்டிருந்த லைலாக் பூப்புதர்தான் காட்டிக்கொடுக்கிறது என்று மார்லிஸ் ஒருமுறை எழுதியிருந்தார். அவருடைய மின்னஞ்சல்கள் நான்கு வரிக்கு மேல் போகாது. முதல் வரி எப்போதும் வானிலை.

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் சிந்து வாடகைக்கு இருந்த வீட்டில் மூன்று செவிலியர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு ஷிப்ட். காலையில் சிங்க் பக்கத்தில் ஈரமான கோப்பை இருந்தால் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். கரூரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கு யாரு கூடயாச்சும் பேசுனியாடி?"

"ம். மார்லிஸ்."

"அந்தம்மாவுக்குக் கொழந்த குட்டி இருக்கா?"

"தெரியலம்மா."

பேசியதே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மார்லிஸிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அங்கே அப்போது வியாழன் மாலை. வானிலை வரிக்குப் பிறகு, வழக்கமான நான்கு வரியையும் தாண்டி இப்படி எழுதியிருந்தார்: "கவுண்டி, யாரும் போகாத சாலைகளை மூடப் போகிறது. திங்கள் மாலை ஏழு மணிக்குக் கூட்டம். மூடப் போகும் சாலைகளில் எங்கள் இடுகாட்டுச் சாலையும் இருக்கிறது. உங்கள் வரைபடத்தில் அந்தச் சாலையில் இடுகாடே இல்லை. மூன்று மைல் கிழக்கே ஒன்று காட்டுகிறது. அங்கே இருப்பது பன்றிக் கொட்டகை. எங்கள் இடுகாட்டில் பதினோரு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் என் கணவர். நான் சொன்னால் எடுபடாது, அவர்கள் திரையில் இருப்பதைத்தான் நம்புவார்கள். நானே தப்பாகப் பார்த்திருக்கவும் கூடும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

மார்லிஸ்தான் தப்பாகப் பார்த்திருப்பார் என்று சிந்து சிரித்துக்கொண்டேதான் புத்தகத்தைத் திறந்தாள். இருபதாம் சதுரம், தென்மேற்கு மூலை, ஒரு ஏக்கர், இடுகாடு. அவள் வைத்த புள்ளியும் இருபதில்தான் இருந்தது. அப்புறம்தான், மார்லிஸ் அந்த வாரம் அனுப்பிய பெட்டியின் ஸ்கேன்களில் ஒரு கிழிந்த தாளைப் பார்த்தாள். சதுரங்களின் எண்களோடு ஒரு கட்டம்.

கவுண்டி அனுப்பிய வரைபடத்தில் சதுரங்கள் இருந்தன, எண்கள் இல்லை. முதல் சதுரம் வடகிழக்கு மூலையில் இருக்கும், அங்கிருந்து மேற்கே எண்ணிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். முதல் வாரத்தில் சிந்து ஒரு சின்ன சூத்திரம் எழுதிக்கொண்டாள். ஒன்று முதல் ஆறு மேற்கே போகும். ஏழு மறுபடியும் கிழக்கு ஓரத்திலிருந்து தொடங்கும். நோட்டுப்புத்தகத்தில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியை மறுபடி ஓரத்தில்தானே தொடங்குகிறோம். ஆனால் அளந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏர் ஓட்டுகிறவன் வயல் முனையில் மாட்டைத் திருப்பி அங்கிருந்தே அடுத்த சால் ஓட்டுவானே, அப்படி எண்ணியிருந்தார்கள். ஆறுக்கு நேர் கீழே ஏழு. ஏழிலிருந்து கிழக்கே பன்னிரண்டு. மறுபடி திரும்பி மேற்கே.

இரண்டாம், நான்காம், ஆறாம் வரிசைகள் முழுக்கத் தலைகீழ். நாற்பத்தொரு புள்ளிகள். அவள் நான்கு மாதமாக மனதுக்குள் நடந்து திரிந்த ஸ்டோர்லியில் பாதி, எங்கும் இல்லாத ஊர். வெண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் தேவாலயம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவள் நினைத்திருந்ததுபோல் எந்த ஓடையையும் தாண்டவே இல்லை.

மாதக் கடைசியில் அடுத்த திருத்தம் கவுண்டிக்குப் போகும். அதில் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டம் திங்கள்கிழமை. அதற்கு முன் மாற்ற வேண்டுமென்றால் மேலாளரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் நிறுவனத்தின் விதி ஒன்று இருந்தது: அனுப்பி முடித்த வேலையில் பிழை வந்தால், அந்தக் கோப்பு பிழை செய்தவரிடம் இருக்காது. வேறொருவர் எடுத்துக்கொள்வார். கடிதப் போக்குவரத்தும் அவருக்கே போய்விடும்.

ஸ்டோர்லி போய்விடும். ஒரு வேலைக் கோப்புக்காக இப்படித் தவிப்பதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மார்லிஸுக்கு, "பார்க்கிறேன்" என்று ஒரே வார்த்தை அனுப்பினாள்.

சனியும் ஞாயிறும் மழை. பெரிய கடைவளாகத்துக்குப் போய் ஒன்றும் வாங்காமல் சுற்றினாள். உணவுக்கூடத்தில் நான்கு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டாள். ஒரு குடும்பம் வந்து, "இந்த நாற்காலி வேண்டுமா?" என்று கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. பிறகு இன்னொருவர் வந்து இன்னொன்றை. மூன்றாவதும் போனபின், பதினோரு பேர் படுத்திருக்கிற ஒரு ஏக்கரையும், அதற்குப் போகிற சாலையை உழுதுவிட்டால் மார்லிஸ் எந்தப் பக்கமாக நடந்து போவார் என்பதையும் யோசித்தபடி அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள்.

திங்கள் காலை, ரவிசங்கர் மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் அவர் மேசைக்கு முன் போய் நின்றாள். மேலாளரான அவர் மலேசியாக்காரர், ஈப்போவிலிருந்து வந்து இருபது ஆண்டு ஆகிறது. முதல் நாளே, "இங்க சார்னு கூப்ட்டா போலீஸ்காரன்தான் திரும்பிப் பாப்பான், அண்ணேன்னு கூப்டு" என்று சொல்லியிருந்தார்.

"ரவி அண்ணே, ஸ்டோர்லில தப்புப் பண்ணிட்டேன்."

"கோப்பி குடிச்சியா மொதல்ல?"

"நாப்பத்தொரு எடம் அண்ணே. எல்லாமே அனுப்பிட்டது."

அவர் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த தாளைப் பார்த்தார். "நான்தான செக் பண்ணேன். மூணாவதும் பதினாறாவதும் பாத்தேனே."

"ரெண்டுமே சரியான வரிசைல இருக்கு அண்ணே."

"நாலு நம்பர் லாட்டரி எடுத்தாலும் எனக்கு அதிர்ஷ்டம் இப்படித்தான் லா." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மாசக் கடசில நீயே மாத்திருக்கலாமே. யாரு கேக்கப் போறா?"

"அங்க கூட்டம் இருக்கு. நமக்கு நாளைக்கு மத்தியானம். ரோட்ட மூடிருவாங்க."

"ரூல் தெரியும்தான?"

"தெரியும்."

அவர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "வேலைக்கு ஒன்னும் ஆவாது. விசா லெட்டரும் அப்படியேதான் இருக்கும், அதுக்குப் பயப்படாத. ஃபைல் மட்டும் ஜஸ்வின்கிட்ட போவும். நீயும் நாலு மாசமா ஒரே ஊர்ல குந்திக்கிட்டு இருக்க. மங்கரேல மழைத்தண்ணிக் கொழா வேல வந்திருக்கு, அதப் பாரு. பஸ்ஸுல போயி நேர்லயே பாக்கலாம்."

"சரி அண்ணே."

"அழுவுறியா?"

"இல்ல. சளி."

பத்து மணிக்குள் கோப்பின்மேல் பூட்டுக் குறி வந்துவிட்டது. கவுண்டிக்கும் மார்லிஸுக்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு வருத்தக் கடிதம் போனது. அதில் யார் பெயரும் இல்லை. ஸ்டோர்லி பற்றி வருகிற எந்தக் கடிதமும் இனி ஜஸ்வினின் பெட்டிக்குத்தான் வரும். அவளுடைய சொந்த முகவரியை மார்லிஸும் கேட்டதில்லை, மார்லிஸின் முகவரியை அவளும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு என்ன பழக்கம்?

புதன்கிழமை கவுண்டியின் இணையதளத்தில் கூட்டக் குறிப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வரைபடத்தில் பிழை இருந்ததாகத் தயாரித்தவர்களே தெரிவித்தனர். இடுகாட்டுச் சாலை மூடப்படவில்லை. கூட்டம் ஏழு நாற்பதுக்கு முடிந்தது. சிந்து அந்த மூன்று வரியையும் இரண்டு தடவை படித்தாள். மார்லிஸ் அன்று ஜஸ்வினுக்கு என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தாள். மழையைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கு ஜஸ்வின் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். ஆக்லாந்தில் பிறந்தவன், தமிழ் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில்தான் வரும்.

"சாரி சிந்து, ஒன் கொஸ்டின். இந்த லைன் என்ன, ரயில்வேயா க்ரீக்கா?"

அவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் ஸ்டோர்லி இருந்தது. எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்திருந்தன. அவளுக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை.

"ரயில்வே. கவுண்டித் தலைநகரத்துல இருந்து வர்றது. காலைல பால் ஏத்திட்டுப் போகும், சாயங்காலம் காலி கேனோட திரும்பும். ஸ்டேஷனுக்குக் கட்டடம் கெடயாது, ஒரு பழைய பெட்டியத்தான் எறக்கி வச்சிருந்தாங்க. அதுல ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. பனிக்காலத்துல டீச்சர் அங்கதான் ஒக்காந்து—"

"ஓகே, ரயில்வே," என்றான் ஜஸ்வின். தட்டிவிட்டு நிமிர்ந்து சிரித்தான். நல்ல பையன்தான். "சியர்ஸ், சிந்து."

ஹெட்போன் மறுபடி காதுக்குப் போனது. அவன் சுட்டியை இழுக்க, ஸ்டோர்லி மெல்ல மேலேறித் திரையை விட்டுப் போய், அடுத்த டவுன்ஷிப் வந்தது. சிந்து இன்னும் கொஞ்ச நேரம் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மங்கரேயின் முதல் குழாய்க்கு எண் போட்டாள்.