கொச்சியில் பார்த்த இடங்கள்

மொச்சை உரித்துக்கொண்டிருந்த சொர்ணலட்சுமியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அடுத்த வீட்டு அம்பிகா, கொச்சியில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். பள்ளிக்கூட லீவுக்கு அவள் வீட்டில் வேன் பிடித்துப் போகப்போகிறார்கள். மதினியும் அண்ணனும் போன வாரம்தானே போய் வந்தார்கள், எதை அவசியம் பார்க்கணும், எதை விட்டாலும் பரவாயில்லை என்று கேட்டுப் போகலாமென்று வந்திருந்தாள். சின்னாளப்பட்டியில் அந்தத் தெருவுக்கே அது சுற்றுலாதான். சொர்ணலட்சுமியின் புருஷன் முத்துக்கிருஷ்ணன் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

சொர்ணலட்சுமி சீன வலையிலிருந்து ஆரம்பித்தாள். கரையோரம் வரிசையாக நிற்கும், யானை தும்பிக்கையைத் தண்ணீரில் விட்டு எடுக்கிற மாதிரி மேலே வரும், கயிற்றில் பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள் என்றாள். அத்தனை பெரிய வலையில் கைப்பிடி மீன்தான் கிடந்தது என்று அவள் சொன்னபோது அம்பிகா சிரித்தாள். அந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் மாலதி நின்றிருந்ததை அவள் சொல்லவில்லை.

மாலதி அவர்களுடைய ஒரே மகள். திண்டுக்கல்லில் செல்போன் கடையில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த தப்ரேஸைக் கட்டிக்கொண்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். அவன் மாமாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மண்டி. அங்கேயே இருந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பேரை யாரும் சொன்னதில்லை. போன மாதம் மாலதி அம்மாவுக்குப் போன் செய்தாள். அழுதாள், அவ்வளவுதான். முத்துக்கிருஷ்ணன் அதைத் தெரிந்துகொண்டும் கோபப்படவில்லை. ரெண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சாமி விளக்கு முன்னால் சொர்ணலட்சுமியை நிறுத்தினார்.

"போயி பாத்துட்டு வா. நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா அந்த வீட்டுப் படி மட்டும் ஏறக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். எறணாகுளம் படகுத் துறை வரை அவரும் வந்தார். அதற்குமேல் வரமாட்டேன் என்று அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அக்கரையில் மாலதி காத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் பையை வாங்கினாள். சொர்ணலட்சுமி சத்தியத்தைச் சொன்னதும் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, சரிம்மா, அப்ப ஊரைச் சுத்திப் பாக்கலாம் என்றாள்.

அப்படித்தான் பார்த்தார்கள். வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த மாதாகோயில், யூதர்களுடைய கோயிலில் நீலப் பூப்போட்ட தரை ஓடுகள், சாக்குமூட்டைகளுக்கு நடுவே சுக்கு காயும் முற்றங்கள். ஒவ்வொரு இடத்திலும் மாலதி நின்று விளக்கம் சொன்னாள். வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். சொர்ணலட்சுமி தலையாட்டிக்கொண்டே அவள் கையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பழைய கம்மல்தான் போட்டிருக்கிறாளா என்று பார்த்தாள். கேட்க நினைத்த எதையும் அந்த இடங்களில் வைத்துக் கேட்க முடியவில்லை.

அரண்மனையில் ராமாயணம் வரைந்திருக்கும் சுவருக்கு முன்னால் மாலதிக்குப் போன் வந்தது. காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஒதுங்கிப் போய், கஞ்சி குடிச்சானா என்று அவள் கேட்டது இவள் காதில் விழுந்தது.

"யாரு தாயி?"

மாலதி போனை இடுப்பில் செருகினாள். "எம் பையன். ரெண்டு வயசு ஆச்சு. ஒடம்பு பூரா அம்மை போட்டிருக்கு. அத்தை பாத்துக்கிறாங்க."

இத்தனை நாள் சொல்லாததற்கு அவள் காரணம் சொல்லவில்லை. அம்மையோடு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுக் காலையிலிருந்து தனக்கு ஊர் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது சொர்ணலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்தாள். சுவரைத் தொடக் கூடாது என்று காவலாள் வந்து சொன்னான்.

அங்கிருந்து நேராக மாலதியின் வீட்டுக்குப் போனார்கள். மண்டித் தெருவில் அந்த வீடு மாடியில் இருந்தது. தெருவிலிருந்தே மரப்படி ஏறியது. சன்னல் கம்பியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. எங்கெங்கோ அலைந்து அத்தைதான் பறித்து வந்தார்களாம். சொர்ணலட்சுமி படிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். மாலதி கூப்பிடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தப்ரேஸின் அம்மா ஜீனத் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். சத்தியத்தைப் பற்றி மருமகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள் போல. ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கி வந்து தெரு ஓரமாகப் போட்டாள். திரும்ப ஏறிப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"உக்காருங்கக்கா. புள்ளைய வெயில்ல தூக்கிட்டு வரக் கூடாது. சன்னல்கிட்ட காட்டுறேன், பாத்துக்கங்க."

லோடு வண்டிகள் உரசிக்கொண்டு போக, சொர்ணலட்சுமி நடுப்பகலில் தெருவில் உட்கார்ந்து மேலே பார்த்தாள். ஜீனத்தின் இடுப்பில் பிள்ளை வந்தான். முகமெல்லாம் கொப்புளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, "மா, அது யாரு?" என்றான்.

மாலதி அம்மாவைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "ஊரு பாக்க வந்தவங்கப்பா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏறியிருப்பேனோ என்று ரயிலில் வரும்போது சொர்ணலட்சுமி நினைத்துக்கொண்டாள். பழனி தாண்டியதும் முத்துக்கிருஷ்ணன் சாப்டியா என்று மட்டும் கேட்டார். அவளும் ம் என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அந்த வீட்டில் பேச்சென்றால் அவ்வளவுதான்.

"அரமணை சரி மதினி, வேற என்ன இருக்கு?" என்றாள் அம்பிகா.

அந்த நேரம் முத்துக்கிருஷ்ணன் சாயம் முக்கி அலசிய சுங்குடிச் சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமிருந்து வந்தார். இவர்களைப் பார்க்காமல் கயிற்றில் ஒரு சேலையை விரித்தார். சொர்ணலட்சுமி உரித்த மொச்சையைத் தள்ளி வைத்தாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"மண்டித் தெருன்னு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு மாடி சன்னல்ல ஒரு பய நிப்பான். ரெண்டு வயசு. மொகம் பூரா அம்மைக் கொப்புளம். மாலதி மயன்."

அம்பிகா கயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நெத்தி அப்பிடியே ஒங்க அண்ணன் நெத்தி. சத்தியம் பண்ணிட்டுப் போனேன், அதனால நான் ஏறல. கீழ தெருவுல ஒக்காந்து பாத்தேன். நீ போனா ஏறிப் பாரு."

மொச்சைத் தோலைக் கூட்டி எடுக்கிற மாதிரி அம்பிகா எழுந்து, எதையும் எடுக்காமல் போய்விட்டாள். கயிற்றில் விரித்த சேலை தரை வரை தொங்கியது. அதற்குக் கீழே முத்துக்கிருஷ்ணனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சேலை முந்தியிலிருந்து சிவப்புச் சாயத் தண்ணீர் அவர் விரல்கள் மேல் சொட்டி மண்ணில் ஓடியது. பாதங்கள் நகரவில்லை.