ஓனர் சைட்டுல இருக்கணும்

அப்பாவின் தலைமாட்டில் ஊதுபத்தியைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் இசைவாணிக்கு அந்த போன் வந்தது. மாதக்கணக்காக அவள் நச்சரித்து வந்த அதே அதிகாரியின் குரல். "பிளான் அப்ரூவலுக்கு இன்னைக்குச் சைட் பாக்க வாரேன்மா. ஓனர் சைட்டுல இருக்கணும்."

"வாங்க சார், இருப்பாரு," என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. பாழாய்ப்போன வாய்! எத்தனை நாள் தவம் கிடந்த போன், குரலைக் கேட்டதும் அதுபாட்டுக்குச் சரி என்றுவிட்டது.

ஓனர் சைட்டில்தான் இருந்தார். வாடிப்பட்டிக்கு வெளியே, நாலு எல்லைக்கல்லும் கருவேலஞ்செடியுமாகக் கிடந்த வெறும் மனையில், சாமியானாவுக்குக் கீழே, ஐஸ் பெட்டிக்குள் ஆண்டிச்சாமி படுத்திருந்தார். குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர், "பாடியை இங்க கொண்டு வராதீங்கப்பா, நாளைக்கு வேற ஆளு குடி வரணும்ல" என்று ஆஸ்பத்திரி வாசலுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். "எங்கப்பாவுக்குச் சொந்த மண்ணு இருக்குய்யா!" என்று ஆம்புலன்ஸை இங்கே திருப்பியவன் பீமாராவ், இசைவாணியின் தம்பி. கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டான்.

அக்கம்பக்கத்தில் பாதி வீடு அப்ரூவல் இல்லாமல்தான் ஜம்மென்று நிற்கிறது. ஆண்டிச்சாமிதான் பிடிவாதக்காரர். புறம்போக்கில் போட்டிருந்த தங்கள் குடிசையை அதிகாரிகள் பிரித்துத் தெருவில் எறிந்ததைச் சின்னப் பிள்ளையில் நின்று பார்த்தவர். மின்வாரியத்தில் லயன்மேனாக ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்து ஓய்ந்தவர். "ஏதுடா பேப்பருன்னு எவனும் நம்ம வாசல்ல நின்னு கேக்கக் கூடாது. ஆண்டிச்சாமி பேர்ல அப்ரூவல் வரட்டும். அப்புறந்தான் கடக்கால் தோண்டணும்" என்பார்.

இப்போது அவர் இல்லையென்று தெரிந்தால் ஃபைல் திரும்பிவிடும். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று அலைந்து, வேறு பேரில் முதலிலிருந்து போட வேண்டும். வீட்டை எப்படியும் கட்டிவிடலாம். அப்பா பேர் மட்டும் எதிலும் வராது. அதை நினைக்க நினைக்க இசைவாணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பந்தலுக்கும் ரோட்டுக்கும் நடையாய் நடந்தாள். அழுகை வரவில்லை. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்களின் தோளுக்கு மேலே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஆளுக்கு அப்பா மூஞ்சி தெரியுமா?" என்றான் பீமாராவ், கிட்டத்தில் வந்து.

"தெரியாது. எல்லாம் நாந்தானே பேசுனேன்."

"அப்ப இது பெரியப்பான்னு சொல்லிருவோம். அப்பா மதுரையில ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொல்லு. அளந்துட்டுப் போகட்டும்."

"என்னடா பேசுற நீ?"

"அப்பா பேரு வரணுமா, வேணாமா?"

மின்வாரிய நண்பர்கள் அப்பாவின் பேரும் படமும் போட்டுக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரை அவன் அவிழ்த்துச் சுருட்டி ரோட்டில் நின்ற வேனுக்குள் போட்டதை அவள் தடுக்கவில்லை.

அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர். துக்கத்துக்கு வந்தவர் என்று நினைத்து யாரோ நாற்காலி போட, இன்னொருவர் கையில் காபியைத் திணிக்க, மனுசன் ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்து திருதிருவென்று விழித்தார். இசைவாணி ஓடிப்போய் அவரை ஓரத்துக்குக் கூட்டி வந்தாள்.

"ஆண்டிச்சாமி எங்கம்மா?"

"அப்பாவுக்கு முடியலை சார். ஆஸ்பத்திரியில இருக்காரு."

"அப்ப இது?"

"பெரியப்பா."

சொன்ன வாய் கசந்தது. பெட்டி இருந்த பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"இந்த நேரத்துலயா நானும் வரணும்! சரி, இம்புட்டு தூரம் வந்தாச்சு. கூட வர்ற ஆளு இன்னைக்கு லீவு. நீங்களே டேப்பைப் பிடிங்க, அளந்துட்டுப் போயிர்றேன்."

நுனியைக் கல்லில் வைத்து அவள் குத்தவைத்து உட்கார்ந்தாள். டேப் பந்தலோரமாக நீண்டு எதிர்க்கல்லுக்குப் போனது. அளவைச் சொல்லிச் சொல்லி அவர் குறித்துக்கொண்டார். சீக்கிரம் முடிங்க, சீக்கிரம் போங்க என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அதற்குள் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பந்தலிலேயே கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, வாய்க்கரிசி இங்கேயே போட்டாக வேண்டும். சின்னத்தாய் அத்தை அரிசித்தட்டோடு நின்று சத்தம் போட்டாள். "ஏய் இசை! அங்க என்னடி பண்ற? மொதக் கை நீ போடணும்டி!"

பீமாராவ் பதறிப்போனான். "அவ வருவா அத்தை. பெரியப்பாவுக்கு நீங்க மொதல்ல போடுங்க."

அழுதுகொண்டிருந்த அம்மா தங்கப்பொண்ணு நிமிர்ந்தாள். "யாருக்குடா பெரியப்பா?"

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு சார்," என்றான் பீமாராவ். சிரிக்க வேறு முயற்சி செய்தான்.

தங்கப்பொண்ணு மகனைத் திட்டவில்லை. அவன் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டவளாக, குனிந்து கோடித் துணியை விலக்கி, கிடந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

இசைவாணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! டேப்பின் நுனியைக் கல்லுக்கடியில் செருகிவிட்டு எழுந்தாள்.

"சார், அது எங்க அப்பா. அவருதான் ஆண்டிச்சாமி."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இதை ரிட்டர்ன்தாம்மா போட முடியும்."

"போடுங்க சார்."

அவள் பந்தலுக்குள் போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அப்பாதாம்மா. நம்ம அப்பாதான்" என்றாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அத்தை அவள் கையைப் பிடித்துத் தட்டுக்குள் விட்டாள். தலைமாட்டுக்கு இவளைக் கொண்டுபோக மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் பந்தலுக்கு வெளியே வரைக்கும் வரிசை கட்டினார்கள். அதிகாரி டேப்பைச் சுருட்டவில்லை. கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பிடி அரிசியோடு வந்த பெண்கள் ஒவ்வொருவராக, நீண்டு கிடந்த டேப்பை மிதித்துவிடாமல், சேலையைக் கொஞ்சம் தூக்கித் தாண்டிப் போனார்கள்.