மாற்றுச் சம்மதம்

தேத்தண்ணித் தட்டோடு கூடத்துக்கு வந்த இராசேஸ்வரி, தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"நான் சம்மதிச்சனான் எண்டு ஆர் சொன்னது, அப்பா?"

சிராங்கூனில் இருந்த அந்த வீட்டுக்கு என் அப்பா, அம்மா, அண்ணன் சிவஞானம், நான் எல்லோரும் போயிருந்தோம். பெண் பார்க்கப் போனோம் என்றால் அது பாதி உண்மை. அவளை என் அண்ணனுக்கும், என்னை அவளுடைய அண்ணன் குலசிங்கத்துக்கும் கொடுப்பதாகப் பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அதை மாற்றுச் சம்பந்தம் என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சீதனம் இல்லை. சிங்கப்பூர்க் கந்தோர்களில் இங்கிலீஷில் வேலை பார்த்த எங்கள் அப்பாமாருக்கு அது 'எக்ஸ்சேஞ்ச்'.

"நீதானே பிள்ளை போன் பண்ணினனீ," என்றார் அவள் தகப்பன் அம்பலவாணர். "எக்ஸ்சேஞ்சுக்கு ஓம் எண்டிட்டன் அப்பா எண்டு நீதானே சொன்னனீ? நான் உடனே இவைக்குச் சொல்லிப்போட்டன்."

இராசேஸ்வரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஐயோ அப்பா! அது யுனிவர்சிட்டி எக்ஸ்சேஞ்ச் லா! ஹாலந்துக்கு. ஒரு செமஸ்டர் அங்க படிக்கிறது. என்னை செலக்ட் பண்ணியிருக்கினம். அதுக்குத்தான் ஓம் எண்டனான்."

யாரும் சிரிக்கவில்லை. என் அப்பாதான் தொண்டையைச் செருமினார்.

"ஹாலந்தோ? வரேக்க ஒரு வெள்ளைக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்தா, பிறகு நாங்கள் ஆருக்கு மாத்துக் குடுக்கிறது?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணனும் சிரித்தான். என் அம்மா மட்டும் சிரிக்காமல், "ஆறு மாசம் தனிய இருந்திட்டு வாற பிள்ளையை ஆர் கேப்பினம்?" என்றார்.

"அவள் விளையாட்டுக்குச் சொல்லுறாள்," என்று குணமணி மாமி மகளின் கையிலிருந்த தட்டைப் பிடித்தார். "வாக்குக் குடுத்தாச்சு பிள்ளை. ஐயரிட்ட நாளும் கேட்டாச்சு. இனி மாத்தேலாது."

இராசேஸ்வரி தட்டை விடவில்லை. தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இன்டர்வியூவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள். போன் வரேக்க அப்பாவுக்குப் பக்கத்தில நிண்டதும் நீங்கள்தானாம். நான் எதுக்கு ஓம் எண்டனான்? சொல்லுங்கோ."

குலசிங்கம் என்னைப் பார்த்தார். ஸ்டாம்ஃபோர்ட் ரோடு நூலகத்தில் இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தவர் அவர். மாற்றுக்குப் பெண் தராவிட்டால் பெண் தரமாட்டேன் என்று என் அப்பா சொல்லியிருந்ததும் அவருக்குத் தெரியும். பிறகு தரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது," என்றார்.

அவள் தட்டை அம்மாவிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். ஹாலந்துக்கு வேறு யாரோ போனார்கள். எண்பத்திரண்டில், ஒரே கோயிலில், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கலியாணமும் நடந்தது.

மறு வருடம் நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, முதுகில் மூட்டையோடு இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் ஏறினார்கள். அவர்கள் இறங்கும்வரை என் கணவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும், பவளம். அவள் எதைச் சொன்னவள் எண்டு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் எனக்குக் கிடைச்சிருக்க மாட்டீர்."

ஒரு பெண் கேட்க ஆசைப்படும் வார்த்தைதான். அன்று முதல் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசந்தது.

மாற்றுச் சம்பந்தத்தில் சீதனம் இல்லை; பதிலுக்கு இரண்டு பெண்களும் பிணை. மார்சிலிங்கில் தங்கள் வீட்டில் என் அண்ணன் இராசேஸ்வரிமேல் கைநீட்டுகிறான் என்று தெரிந்தும் என் கணவர் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என் அப்பா என்னைத் திருப்பி அழைத்துக்கொள்வார். ஒருநாள் அவள் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். மாமி அவளுக்குச் சோறு போட்டார். "நீ இஞ்ச இருந்தா இந்தப் பிள்ளை அங்க போகவேணுமே, அம்மா," என்று என்னைக் காட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். முழுதும் சாப்பிடாமல் கை கழுவினாள். என் கணவர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய்விட்டு வந்தார். வந்தவர் அன்று சாப்பிடவில்லை. அதனால் அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

ஞாயிறு தவறாமல் அவளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போவார். அவள் வாங்கி வைப்பாள். அண்ணா என்று மட்டும் கூப்பிடமாட்டாள்.

எண்பத்தெட்டில், முப்பத்தாறு வயதில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்து அவர் போய்விட்டார். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் சுவரோரம் உட்கார்த்தப்பட்டிருந்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. என் அண்ணன் வாசலில் ஆட்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கோயில் கமிட்டித் தாமோதரம்பிள்ளை மாமா நடுக் கூடத்தில் நின்று கண்ணைத் துடைத்தார்.

"இப்பிடி ஒரு தமையன் ஆருக்குக் கிடைப்பான்? தங்கச்சிக்கு ஒரு வாழ்க்கை அமையவேணுமெண்டு தன்னையே மாத்துக் குடுத்த பிள்ளை!"

பெண்கள் உரக்க அழுதார்கள். யாரோ இராசேஸ்வரியை முன்னே தள்ளி, "ஒருக்கால் அண்ணா எண்டு கூப்பிட்டு அழு, பிள்ளை," என்றார்கள்.

அவள் அழவில்லை. மாமாவைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"அவர் தன்னைக் குடுக்கேல்லை, மாமா. என்னைத்தான் குடுத்தவர்."

வாசலில் என் அண்ணன் நாற்காலியைக் கையில் பிடித்தபடி நின்றான். "செத்த வீட்டில என்ன கதை கதைக்கிறாய்?" என்று குணமணி மாமி பதறினார். பிறகு என் தோளைத் தொட்டு, "நீ சொல்லு பிள்ளை. அவன் அப்பிடிப்பட்டவனோ? சொல்லு," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம், மாமி," என்றேன். "அவரே எனக்குச் சொன்னவர்."