ஒலிக்காத பட்டடைக்கல்

என் வீட்டுக்காரர் இரும்படிப்பவர். சொந்தப் பட்டறை. இரும்பை வைத்து அடிக்கும் அவருடைய பழைய பட்டடைக்கல் இரண்டாகப் பிளந்த நாளிலிருந்து மூன்று வாரமாக என் தம்பியின் கடையில் வாசல் கேட்டுகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். என் தம்பி நல்லவன்தான். ஆனால் மச்சானை வேலை வாங்குவதில் அவனுக்கு ஒரு தனி சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் இவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பட்டடைக்கல்லைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். மேலே பச்சை பெயின்ட், நாலு பூச்சுக்குக் குறையாது. உள்ளே இருப்பது எஃகா, வெறும் வார்ப்பிரும்பா என்று கடைக்காரருக்கே தெரியாது. வார்ப்பிரும்பு என்றால் நாலு அடியில் குழி விழுந்துவிடும். சரியில்லை என்றால் மறுநாள் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. திருப்பிக் கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி தம்பி கடைதான்.

மறுநாள் காலையிலிருந்து நானும் கூடமாட நின்றேன். பெயின்டை ஊறவைத்துச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். கிரைண்டரை வைத்தால் பத்து நிமிஷ வேலை என்றேன். முறைத்தார். மேல்முகத்தில் கெட்டியான எஃகு ஒரு விரல் கனம்தான் இருக்குமாம். அதைத் தேய்த்துவிட்டால் அப்புறம் கல்லே இல்லையாம். சரி சாமி என்று வாயை மூடிக்கொண்டேன்.

மதியத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பக்கவாட்டில் உளியால் வெட்டிய எடை எண்கள். அடியில் ஒரு சதுரக் குழி. மேல்முகத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு, எஃகை ஒட்டிய இடம். எல்லாம் நல்ல கல்லுக்கு அடையாளமாம். ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிச் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகச் சத்தம். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மற்றதெல்லாம் பொருந்தினாலும் காது சம்மதித்தால்தான் இவர் சம்மதிப்பார். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். எனக்குப் பல் கூசியது. இன்னொரு தட்டு. எதிர்க்கடை தையல்காரர் வாயில் குண்டூசியோடு வெளியே வந்து, போதும் என்று கையைக் காட்டினார்.

இவர் முகம் தொங்கிப்போனது.

"சத்தமே வரல. செத்த இரும்பு. திருப்பிக் குடுத்துடலாம்."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ குனிந்து, காதைக் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து மறுபடி தட்டினார். தலையை ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குக்கர் விசிலடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். போன் அடித்து ஓயும். அடுத்த அறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாலும் பதில் வராது. கல்லுளிமங்கன் என்று இரண்டு வருஷமாகத் திட்டியிருக்கிறேன், அவர் முகத்துக்கு நேராகவே.

காதை நம்பித் தொழில் செய்கிறவரிடம் உங்கள் காது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? டிராயரிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்துக் கையில் கொடுத்து, இதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்றேன். வார்ப்பிரும்பில் குண்டு சோம்பலாக எழும், எஃகில் துள்ளும். அது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு முழ உயரத்திலிருந்து விட்டார். குண்டு கிட்டத்தட்ட அவர் கைக்கே திரும்பி வந்தது. பத்து இடத்தில் போட்டுப் பார்த்தார். பத்து இடத்திலும் அப்படித்தான்.

குண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுதுங்க."

"எப்படி?"

"கணீர்னு. தெருக்கோடி வரைக்கும்."

சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, கல் நமக்குத்தான் என்று கடைக்காரருக்கு என்னையே போன் செய்து சொல்லச் சொன்னார். நான் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ கூப்பிடும்போதெல்லாம் நான் வேணும்னே பேசாம இருக்கல."

எனக்குத் தெரியும் என்றேன். அது பொய். அரை மணி நேரத்துக்கு முன்புவரை எனக்குத் தெரியாது.